வீட்டு வளவில் கியர் பொக்ஸை இறக்கி டைமிங் செயின் மாற்றுதல்: பிஎம்டபிள்யூ என்47 டீசல் எஞ்சினுக்கான முழுமையான வழிகாட்டி

வால்வுகளும் பிஸ்ரன்களும் ஒத்திசைந்து இயங்கச் செய்யும் சங்கிலியான டைமிங் செயின், பெரும்பாலான கார்களில் எஞ்சினின் முன்பக்கத்தில், கியர் பொக்ஸுக்கு எதிர்முனையில் இருக்கும். 2007ஆம் ஆண்டு வெளிவந்த பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில் அது பின்பக்கத்தில், சிலிண்டர் புளொக்குக்கும் பிளைவீல் என்னும் கனச் சக்கரத்துக்கும் இடையில் அமைந்திருக்கிறது. ஆகவே 320டி, 520டி போன்ற கார்களில் செயினை மாற்ற வேண்டுமானால், ஒன்று எஞ்சினை முழுவதுமாக வெளியே தூக்க வேண்டும், இல்லையேல் கியர் பொக்ஸை இறக்கிப் பின்பக்கத்தைத் திறக்க வேண்டும். வீட்டில் செய்வோருக்கு இரண்டாவது வழியே ஏற்றது என்பது என் முடிவு. ரேடியேற்றர், ஏசி வாயுக் குழாய்கள், எஞ்சினின் பெரும்பகுதி வயர்கள் ஆகியவற்றைத் தொடாமலே வேலையை முடிக்கலாம். தூக்கு கிரேனும் தேவைப்படாது.

இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் யாழ்ப்பாணத்தில் இந்த வகைக் கார் வைத்திருந்த பலர், செயின் சத்தம் கேட்டதும் வண்டியை ஏற்றி ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்கு அனுப்புவதா, போர்டிக்கோவில் மூடி நிறுத்துவதா என்ற நிலைக்கு வந்தார்கள். மூன்றாவது வழியும் உண்டு. ஏற்கெனவே பிரேக், சஸ்பென்ஷன், கிளச் வேலைகளைச் செய்து கைப்பழக்கம் உள்ளவர், கூடத் துணைக்கு இரண்டு பேர், சமதளமான ஒரு கொங்கிறீற் தரை, அவசரப்படாத மனம் ஆகிய நான்கும் இருந்தால் இந்த வேலையை வீட்டிலேயே செய்ய முடியும். நான்கில் ஒன்று குறைந்தாலும் தொடங்காமல் இருப்பதே நல்லது.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதியை முன்வைக்கிறேன்: எந்தக் கட்டத்திலும் வலுவைப் பிரயோகித்துப் பிரிக்கவோ சேர்க்கவோ கூடாது. இறுகிய போல்ட்டைத் தளர்த்த வலு தேவைதான். ஆனால் போல்ட்டுகள் எல்லாம் கழன்ற பிறகும் ஒரு பாகம் வர மறுத்தால், அதை இன்னும் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதே வேலை. இந்த எஞ்சினும் கியர் பொக்ஸும் பெரும்பாலும் அலுமினிய வார்ப்புகள். நெம்புகோலுக்கு அவை தாங்காது.

கீழே வருவது பின்சக்கர இயக்கமும் எட்டு வேகத் தானியங்கிக் கியர் பொக்ஸும் உள்ள காருக்கு உரியது. கையால் மாற்றும் கியர் பொக்ஸுக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன். நான்கு சக்கர இயக்க மாதிரிகளில் முன் அச்சுகளும் டிரான்ஸ்பர் கேஸும் சேர்ந்து வருவதால், அவற்றை வீட்டில் முயல வேண்டாம்.

திறப்பதற்கு முன் உறுதிசெய்ய வேண்டியவை

தேய்ந்த செயினின் சத்தம் எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து, அதாவது கண்ணாடிக்குக் கீழுள்ள தடுப்புச் சுவரின் பக்கத்திலிருந்து, உலோகம் உரசும் சரசரப்பாகக் கேட்கும். நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று வேகத்தில் அது தெளிவாகும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினின் பின்மேல் பகுதியிலும் பிடியைக் காதருகிலும் வைத்துக் கேட்டால் இடம் துலங்கும். ஆயினும் இரட்டைத் திணிவு பிளைவீல் தேய்ந்தாலும், இன்ஜெக்டர் ஒன்று பிசகினாலும் ஏறக்குறைய இதே மாதிரிச் சத்தம் வரலாம். டயக்னோஸ்டிக் கருவியை இணைத்து, பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங்க் ஷாப்டுக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டுக்கும் இடையிலான நிலைப் பொருத்தத்தில் பிழைக்குறி பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயிலை வடித்துப் பழைய வெள்ளைத் துணி வழியே வடிகட்டினால், செயின் வழிகாட்டியின் பிளாஸ்ரிக் துணுக்குகள் அகப்படலாம். அவை அகப்பட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

சத்தம் உறுதியானதும் காரை ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இந்த எஞ்சினில் செயின் அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வுகளும் பிஸ்ரன்களும் மோதிக்கொள்ளும். செயின் செலவோடு போக வேண்டியது முழு எஞ்சின் செலவாகிவிடும். கராஜ் வரை மெதுவாக ஓட்டிப் போகலாம் என்று எண்ணுவோருக்கும் இதையே சொல்வேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனத்தில் பதிக்க வேண்டும். என்47இல் கிராங்க் ஷாப்டிலுள்ள செயின் பல்சக்கரம் தனியாகக் கழற்றக்கூடியதன்று. கிராங்க் ஷாப்டோடு ஒன்றாகவே வெட்டப்பட்டது. திறந்து பார்த்தபின் அதன் பற்கள் ஒருபக்கமாகக் கொக்கி போல வளைந்து தேய்ந்திருந்தால், புதிய செயின் போட்டும் பயனில்லை. கிராங்க் ஷாப்டை மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சினை வெளியே எடுத்தாக வேண்டும். முதல் ஆண்டுகளில், குறிப்பாக 2007, 2008இல் உற்பத்தியான எஞ்சின்களில் இந்த ஐயம் அதிகம். வேலையைத் தொடங்குமுன் வீட்டாரோடு பணக் கணக்குப் பேசும்போது இந்தச் சாத்தியத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

பாகங்கள், கருவிகள், காலம்

செயின்கள் மூன்று: கிராங்க் ஷாப்டிலிருந்து உயரழுத்த டீசல் பம்புக்குச் செல்வது ஒன்று, அந்தப் பம்பிலிருந்து கேம் ஷாப்டுக்குச் செல்வது ஒன்று, கீழே ஒயில் பம்பை ஓட்டுவது ஒன்று. மூன்றையும், அவற்றின் வழிகாட்டித் தண்டுகள், இறுக்கி, மாற்றக்கூடிய பல்சக்கரங்கள் ஆகியவற்றோடு ஒரே தொகுதியாக வாங்க வேண்டும். மேல் செயினை மட்டும் மாற்றி மிச்சத்தை விடுவது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் இவ்வளவு பாடுபட்டுத் திறந்த இடத்தை மறுபடி திறக்கச் செய்வது அதுதான். கிராங்க் ஷாப்டின் பின்பக்கச் சீல், சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) கஸ்கெற், மேல்மூடிக் கஸ்கெற், செயின் மூடிக்குரிய சீலிங் பசை, இன்ஜெக்டர் வாஷர்கள், கியர் பொக்ஸின் முன் சீல் ஆகியவையும் கையிருப்பில் இருக்க வேண்டும். கையால் மாற்றும் கியர் பொக்ஸாயின் கிளச் தொகுதியையும் இதே வேளையில் மாற்றிவிடுவது அறிவுடைமை.

போல்ட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிளைவீல் போல்ட்டுகளும் கேம் பல்சக்கரப் போல்ட்டும் இழுபட்டு இறுகும் வகை. ஒருமுறை கழற்றினால் மீண்டும் போடக் கூடாது. கியர் பொக்ஸை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டுகளில் சில அலுமினியத்தால் ஆனவையாக இருக்கலாம். காந்தத்தை வைத்துப் பாருங்கள்: ஒட்டாவிட்டால், எடையும் குறைவாக இருந்தால், அது அலுமினியம், அதற்குப் பதிலாகப் புதியதே போட வேண்டும். சாதாரண இரும்புப் போல்ட்டை அந்த இடத்தில் போட்டால், உப்புக் காற்று வீசும் எங்கள் யாழ் குடாநாட்டில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து அரித்து, அடுத்த முறை துளையின் மரையோடு பிய்ந்து வரும்.

உதிரிப்பாகங்களைப் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ எடுக்க வேண்டிவரும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய செயின்களும் விற்பார்கள். எஞ்சின் பாகம் எதையும் பழையதாக வாங்கினாலும் செயினையும் இறுக்கியையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். காரின் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துப் பாக இலக்கத்தைச் சரிபார்த்தே பணம் செலுத்த வேண்டும். எல்லாம் வீடு வந்து சேர்ந்து, பெட்டியைத் திறந்து பார்த்த பின்னரே முதல் போல்ட்டைக் கழற்றுங்கள்.

கருவிகளில் தவறவிடக் கூடாதவை: வெளிப்புற நட்சத்திரத் தலைப் போல்ட்டுகளுக்குரிய ஈ வகைச் சொக்கெற்றுகள், மொத்தமாக ஒரு மீற்றர் வரை நீளக்கூடிய எக்ஸ்ரென்ஷன் கம்பிகள், அவற்றுக்கு நடுவில் போட மடங்கு மூட்டு ஒன்று, கோணமும் அளக்கக்கூடிய டோர்க் ரென்ச், கிராங்க் ஷாப்டையும் கேம் ஷாப்டையும் பூட்டும் ஊசித் தொகுதி, எஞ்சினை மேலிருந்து தாங்கும் குறுக்குச் சட்டம், கியர் பொக்ஸுக்கான ஜக். பூட்டும் ஊசிகளுக்குப் பதிலாகத் துரப்பண அலகையோ ஆணியையோ பயன்படுத்தும் பழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு மில்லிமீற்றர் தளர்வே டைமிங்கைக் குழப்பப் போதுமானது என்பதால் அதை ஏற்க முடியாது. இறுக்கும் அளவுகளை இங்கே தரவில்லை. அவை ஆண்டுக்கும் மாதிரிக்கும் மாறுபடுபவை; உங்கள் சேசிஸ் இலக்கத்துக்குரிய திருத்தக் கையேட்டிலிருந்தே எடுத்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை மாசி, பங்குனி மாதங்கள் நல்லவை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மாரியில் ஈரமும், வைகாசி முதல் சோளகம் வீசும் மாதங்களில் மணற்புழுதியும் திறந்த எஞ்சினுக்கு எதிரிகள். வேப்ப மர நிழல் இதமானதுதான், ஆனால் பூவும் சருகும் எஞ்சினுக்குள் விழும். கூரையுள்ள இடமும், காற்று வரும் பக்கத்தை மறைக்கத் தார்ப்பாயும் தேவை. மின்வெட்டு நேரத்தில் காருக்கு அடியில் இருட்டில் மாட்டிக்கொள்ளாமலிருக்க, சார்ஜில் எரியும் விளக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரை உயர்த்துதல்

இந்தக் கார்கள் மாதிரிக்கேற்ப 1500 முதல் 1700 கிலோ வரை எடை கொண்டவை. நீங்கள் பல நாட்கள் அதன் அடியில் படுத்திருக்கப் போகிறீர்கள். ஆகவே ஜக்கை நம்பிப் படுக்கக் கூடாது. நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்றும் 3 தொன் தாங்கக்கூடிய இரும்புத் தாங்கிகள் வேண்டும். சீமெந்துக் கற்களை அடுக்கி அவற்றின்மேல் காரை நிறுத்தும் வழக்கத்தை முற்றாகக் கைவிட வேண்டும். உட்குழிவான கல் எந்த முன்னறிவிப்புமின்றி ஒரே கணத்தில் நொறுங்கும். தாங்கிகளுக்குத் துணையாக, கழற்றிய சக்கரங்களையும் வைரம் பாய்ந்த பனங்குற்றிகளையும் கதவுக்குக் கீழுள்ள விளிம்போரம் படுக்கவைத்தால், எதிர்பாராதது நடந்தாலும் ஆளுக்கு இடம் மிஞ்சும்.

தாங்கிகளை வைக்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே உள்ள, உற்பத்தியாளர் குறித்த ஜக் புள்ளிகளே. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டமான முன் சப்பிரேமின் கீழ் வைத்துவிடாதீர்கள்; சம்பைக் கழற்றும்போது அந்தச் சப்பிரேமையே கீழே இறக்க வேண்டிவரும். வளவு மணலில் வேலை செய்ய நேர்ந்தால், தாங்கிகளுக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு போட்டும் அவை மெல்லமெல்லப் புதையும். கொங்கிறீற் தரை உள்ள நண்பர் வீட்டுக்குக் காரை எடுத்துச் செல்வதே மேல். கதவின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் இடையில் 60 சென்ரிமீற்றராவது இருந்தால்தான், இறக்கிய கியர் பொக்ஸை வெளியே இழுக்க முடியும். உயர்த்தி முடித்ததும் காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால், இறக்கி மீண்டும் ஏற்றுங்கள்.

மேலிருந்து தொடங்கும் வேலைகள்

பற்றரி பின் டிக்கியில் இருக்கிறது. எதிர் (மைனஸ்) முனையை முதலில் கழற்ற வேண்டும். பிறகு காற்று வடிகட்டிக் குழாய்கள், கண்ணாடிக்குக் கீழுள்ள கபின் வடிகட்டிப் பெட்டி, எஞ்சின் மேல் உறைகள் ஆகியவற்றை எடுத்தால், எஞ்சினின் பின்மேல் பகுதி கைக்கு எட்டும். மேல்மூடியைத் திறப்பதற்காக உயரழுத்தக் குழாய்களையும் இன்ஜெக்டர்களையும் எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் சிலிண்டர் இலக்கத்தை ஒட்டிவைக்க வேண்டும். இன்ஜெக்டரின் அளவுத் திருத்தம் அதன் சிலிண்டருக்கு எனக் கணினியில் பதியப்பட்டிருப்பதால், இடம் மாற்றிப் போடக் கூடாது. திறந்த ஒவ்வொரு வாயையும் அந்தக் கணமே மூட வேண்டும். ஒரு மணற்துகள் போதும், இன்ஜெக்டர் கெட்டுப்போக.

இந்தக் கட்டத்திலேயே எஞ்சினை மேலிருந்து தாங்கும் சட்டத்தைப் பொருத்தி, சங்கிலியின் தளர்ச்சி நீங்கும்வரை மட்டும் இறுக்குங்கள். கியர் பொக்ஸ் போனதும் எஞ்சினின் பின்பக்கம் கீழே சரியும். பின்னர் சப்பிரேமை இறக்கும்போது முழு எஞ்சினும் இந்தச் சட்டத்தில்தான் தொங்கும். சம்புக்கு அடியில் ஜக்கை வைத்துத் தாங்கினால், அந்தச் சம்பையே கழற்ற முடியாமல் போகும்.

கீழிருந்து: வழியைத் திறத்தல்

அடித்தட்டு உறைகள், முன் அச்சின் வலுவூட்டுத் தகடு, டீசல் துகள் வடிகட்டியிலிருந்து பின்னோக்கிச் செல்லும் சைலன்சர் குழாய், அதற்கு மேலுள்ள வெப்பத் தகடுகள் என்ற ஒழுங்கில் கழற்ற வேண்டும். சைலன்சர் போல்ட்டுகளுக்கு முதல் நாள் மாலையே துரு நீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். வலுவூட்டுத் தகடு இல்லாமல் காரைச் சக்கரங்களில் ஓட்டக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டான புரொப் ஷாப்ட். கியர் பொக்ஸின் வால்முனையோடு அதை இணைக்கும் ரப்பர் வட்டிலையும், நடுத் தாங்கியையும் கழற்றுமுன், இரு பக்கமும் ஒரே கோட்டில் வர்ணத்தால் அடையாளமிடுங்கள். அதே நிலையில் மீண்டும் சேர்க்காவிட்டால் கார் வேகமெடுக்கும்போது அதிரும். போல்ட்டுகளைத் தளர்த்தும்போது கியர் பார்க் நிலையில் பூட்டியிருப்பது உதவியானது. ஆனால் ஷாப்டைத் திருப்பி அடுத்த போல்ட்டுக்குச் செல்ல அது விடுபட வேண்டும். மின்சாரம் இல்லாத நிலையில் பார்க் பூட்டை விடுவிக்கும் அவசர வழி உங்கள் மாதிரியில் எங்கே என்பதை முன்னரே பார்த்துவையுங்கள். கழன்ற ஷாப்டை அதன் மூட்டில் தொங்க விடாமல் கம்பியால் மேலே கட்டிவிட வேண்டும்.

கியர் பொக்ஸின் பக்கத்தில் ஒயில் குளிரூட்டிக் குழாய்கள் இரண்டு வரும். அடியில் தட்டு வைத்துக் கழற்றி, இரு முனைகளையும் மூடுங்கள். மின்செருகியின் வளையத்தைத் திருப்பினால் அது விடுபடும். அதன் உள் ஊசிகளை விரலால் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு உடம்பிலுள்ள நிலைமின்சாரமே கேடு செய்யக்கூடும்.

ஸ்ராட்டர் மோட்டரைக் கழற்றிய பின் வருவது, பலரும் மறந்துவிடும் ஒரு வேலை. எஞ்சினின் விசையை ஒயில் வழியே கியர் பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கொன்வேட்டர், எஞ்சின் பக்கத்திலுள்ள மெல்லிய இயக்கத் தட்டோடு சில போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. கியர் பொக்ஸைப் பிரிக்குமுன் அவை அனைத்தும் கழன்றிருக்க வேண்டும். கொன்வேட்டர் கியர் பொக்ஸோடு சேர்ந்தே வெளியே வர வேண்டும். சிறிய திறப்பு ஒன்றின் வழியாக ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டே தெரியும். முன் கப்பியின் நடுப் போல்ட்டில் ரென்ச்சைப் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது மணிக்கூட்டுத் திசையில் கிராங்க் ஷாப்டை மெதுவாகத் திருப்பி அடுத்த போல்ட்டைக் கொண்டுவாருங்கள். எதிர்த்திசையில் திருப்ப வேண்டாம். திருப்பும்போது கடினமான தடை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். செயின் ஏற்கெனவே பல் தாண்டியிருக்கலாம். கையால் மாற்றும் கியர் பொக்ஸில் இந்த வேலை இல்லை. கிளச்சின் ஐதரோலிக் சிலிண்டரை ஒதுக்கிக் கட்டினால் போதும்.

இறக்குதல்

எட்டு வேகத் தானியங்கிக் கியர் பொக்ஸ் கொன்வேட்டரோடும் உள்ளே மிஞ்சிய ஒயிலோடும் 70 முதல் 90 கிலோ வரை வரும். நெஞ்சின்மேல் தாங்கி இறக்கும் பழைய கராஜ் முறை இதற்குப் பொருந்தாது. ஜக்கை வைக்கும் முன் கியர் பொக்ஸின் அடிப்பாகத்தைப் பாருங்கள்: அதன் ஒயில் தட்டு பிளாஸ்ரிக்கால் ஆனது, வடிகட்டியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஜக்கின் சிறு தலையை நேராக அதில் வைத்தால் தட்டு வெடிக்கும். அலுமினிய உடலின் இரு விளிம்புகளிலும் சுமை விழுமாறு மரச்சட்டங்களால் ஒரு தொட்டில் செய்து, அதைத் தட்டையான பலகைமேல் பொருத்தி, கியர் பொக்ஸை இழுபட்டியால் அதோடு இறுகக் கட்டுங்கள். ஏறத்தாழ நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் எடைமையம் இருக்கும். கொன்வேட்டர் உள்ள முன்பக்கம்தான் கனமானது.

ஜக் சிறிது சுமையை ஏற்றதும் பின் குறுக்குத் தாங்கியைக் கழற்றி, வால்பக்கத்தைச் சில சென்ரிமீற்றர் தாழ்த்துங்கள். அப்படித் தாழ்த்தும்போது ஒருவர் மேலே நின்று, எஞ்சினின் பின்பக்கம் தடுப்புச் சுவரில் இடிக்கிறதா, ஏதாவது குழாயோ வயரோ இழுபடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது கியர் பொக்ஸின் முதுகுக்கு மேலாக நீண்ட எக்ஸ்ரென்ஷனைச் செலுத்தி, மேல் போல்ட்டுகளை எட்ட முடியும். சொக்கெற் தலைமேல் முழுதாக அமர்ந்ததை விரலால் தொட்டு உறுதிசெய்த பின்னரே திருப்புங்கள். அலுமினியப் போல்ட்டின் தலை வழுக்கிவிட்டால் அந்த இடத்தில் அதை எடுப்பது மிகக் கடினம். போல்ட்டுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். அட்டைத் தாளில் கியர் பொக்ஸின் முகப்பை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்திவையுங்கள்.

இரு பக்கமும் எதிரெதிரே ஒவ்வொரு போல்ட்டை மட்டும் விட்டு, மற்ற எல்லாவற்றையும் எடுத்த பின், காலியான கீழ்த் துளைகள் இரண்டில் தலை வெட்டிய நீண்ட போல்ட்டுகளைக் கையால் திருகிவையுங்கள். கியர் பொக்ஸ் நேராகப் பின்னோக்கி வழுக்கி வருவதற்கு இவை தண்டவாளமாகும். இறுதி இரண்டையும் கழற்றியதும், கியர் பொக்ஸ் பெரும்பாலும் தானாக விலகாது. இரு உடல்களையும் நேர்ப்படுத்தும் குழாய் வடிவ ஊசிகள் அரிப்பினால் இறுகியிருக்கும். எண்ணெய் அடித்துச் சிறிது நேரம் விட்டு, ரப்பர்ச் சுத்தியலால் வலமும் இடமுமாக மாறிமாறித் தட்டி, கியர் பொக்ஸை மெல்ல அசைத்தால் விரல்நகம் நுழையும் இடைவெளி தோன்றும். அது சுற்றிலும் ஒரே அளவாக விரிகிறதா என்று பாருங்கள். ஒருபக்கம் மட்டும் விரிந்தால் ஜக்கின் உயரத்தையோ சரிவையோ திருத்துங்கள். சீலிங் முகப்புகளுக்கு இடையில் உளியோ ஸ்குரூ டிரைவரோ செருகக் கூடாது.

இடைவெளி ஓரிரு சென்ரிமீற்றரானதும் உள்ளே எட்டிப்பார்த்து, கொன்வேட்டர் கியர் பொக்ஸோடு பின்னோக்கி வருகிறதா என்று உறுதிசெய்யுங்கள். முழுவதும் விலகியவுடன், கொன்வேட்டர் முன்னே வழுக்கி விழாதபடி முகப்பின் குறுக்கே ஒரு தகட்டைப் போல்ட் போட்டுத் தடுத்துவிட வேண்டும். அதன் பிறகே ஜக்கைச் சிறிதுசிறிதாக இறக்கலாம். இறக்கும் நேரத்தில் யாரும் அடியில் இருக்கக் கூடாது, பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

செயின் பகுதி

பிளைவீலையோ இயக்கத் தட்டையோ கழற்றுமுன், கிராங்க் ஷாப்டைப் பூட்டும் ஊசியை அதற்குரிய துளையில் செலுத்தி, கேம் ஷாப்டுகளையும் அவற்றின் கருவியால் பூட்டுங்கள். இரண்டும் தடையின்றிப் பொருந்தினால் டைமிங் இதுவரை பிசகவில்லை என்று பொருள். பொருந்தாவிட்டால் அந்த வேறுபாட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; வால்வுகள் பாதிக்கப்பட்டனவா என்று சிலிண்டர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டிவரும். பிளைவீல் போல்ட்டுகளைத் தளர்த்தும் பெருவலுவை இந்த மெல்லிய ஊசிமேல் சுமத்தக் கூடாது. அதற்குப் பற்களைக் கவ்வும் தனிப் பூட்டு உண்டு.

சம்பை எடுக்க, முன் சப்பிரேமை இறக்க வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, ஸ்ரியரிங்கைப் பூட்டி, ஸ்ரியரிங் தண்டின் மூட்டில் அடையாளமிட்ட பின்னரே அதைப் பிரியுங்கள். பிரித்த பிறகு ஸ்ரியரிங் சில்லு சுழன்றுவிட்டால், அதற்குள் இருக்கும் ஏர்பாக் சுருள் வயர் அறுந்துவிடும். சம்ப் கையில் வந்ததும் ஒயில் உறிஞ்சியின் வலையைப் பாருங்கள். உடைந்த பிளாஸ்ரிக் துணுக்குகள் தேங்கும் இடம் அது. முழுவதும் சுத்தமாகாவிட்டால் புதியது போடுங்கள்.

பின் மூடி திறந்ததும், முதலில் கிராங்க் ஷாப்டின் பல்சக்கரத்தை நல்ல வெளிச்சத்தில் சுற்றிலும் பாருங்கள். முன்னே சொன்ன முடிவை எடுக்க வேண்டிய இடம் இதுவே. பற்கள் சீராக இருந்தால் தொடரலாம். இறுக்கியை அழுத்தி ஊசியால் தடுத்து, பழைய தண்டுகளையும் செயின்களையும் கழற்றும்போது, ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் முகம் காட்டியிருந்தது என்பதைப் படமெடுங்கள். புதிய செயினைப் பழையதோடு பக்கத்தில் தொங்கவிட்டுக் கண்ணிகளை எண்ணி ஒப்பிடுவது, பிழையான தொகுதி வந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். பொருத்தும்போது, இழுவைப் பக்கம் தளர்ச்சி இல்லாமல் இருக்க, தளர்ச்சி முழுவதும் இறுக்கி இருக்கும் பக்கத்துக்கு வர வேண்டும். உயரழுத்தப் பம்பின் பல்சக்கர நிலையைக் கையேட்டில் காட்டியபடியே வையுங்கள்.

முகப்புகளில் ஒட்டியுள்ள பழைய பசையைப் பிளாஸ்ரிக் சுரண்டியாலும் கரைப்பானாலும் எடுக்க வேண்டும். துரப்பணத்தில் மாட்டும் உராய்வு வட்டு விரைவாகச் சுத்தம் செய்யும். ஆனால் அதிலிருந்து உதிரும் உராய்வுத் துகள் பேரிங்குகளுக்குள் போய் எஞ்சினையே கொன்றுவிடும்.

மூடியைப் போடுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான், ஆனால் அதைத் தவிர்க்கவே முடியாது. இறுக்கியை விடுவித்து, பூட்டும் ஊசிகள் அனைத்தையும் எடுத்து, கிராங்க் ஷாப்டைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்புங்கள். கேம் ஷாப்ட் ஒரு சுற்று முடிக்கும். பிறகு ஊசிகளை மீண்டும் செலுத்துங்கள். எல்லாம் இலகுவாக உள்ளே போக வேண்டும். ஊசியைத் தட்டிச் செலுத்த வேண்டியிருந்தால் டைமிங் சரியில்லை. கழற்றி மறுபடி செய்யுங்கள்.

மீண்டும் ஏற்றுதல்

கியர் பொக்ஸை ஏற்றும்போது நேரும் பெருங்கேடு ஒன்றே: டோர்க் கொன்வேட்டர் முழு ஆழத்துக்கு அமராத நிலையில் போல்ட்டுகளால் இழுத்துச் சேர்ப்பது. அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஒயில் பம்ப் உடையும், அது எஞ்சின் ஓடிய பிறகுதான் தெரியவரும். கொன்வேட்டரை உள்ளே தள்ளிக்கொண்டே இரு பக்கமும் திருப்பினால், அது படிப்படியாகப் பல்லில் பல் பொருந்தி உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். இனி இறங்காது என்ற நிலையில், முகப்பின் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து ஆழத்தை அளந்து, கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தடுப்புத் தகட்டை இறுதி நேரம் வரை எடுக்காதீர்கள்.

தண்டவாளப் போல்ட்டுகளில் கியர் பொக்ஸை ஏற்றித் தள்ளும்போது, இரு முகப்புகளும் கைப்பலத்தாலேயே முழுவதும் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின்னும் கொன்வேட்டர் விரலால் சுழல வேண்டும். சுழன்றால் மட்டுமே போல்ட்டுகளை இறுக்கலாம். மிச்சம் எல்லாம் கழற்றியதன் தலைகீழ் ஒழுங்கு. சப்பிரேம் ஏறிய பின்னரே மேல் தாங்குசட்டத்தை எடுங்கள்.

கியர் பொக்ஸுக்குள் அதற்கெனக் குறிக்கப்பட்ட ஒயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. கார் சமதளத்தில் இருக்க, எஞ்சின் ஓட, ஒயிலின் வெப்பம் 30 முதல் 50 பாகை செல்சியஸுக்குள் இருக்கும்போதே நிரப்புத் துளையின் அளவைப் பார்க்க வேண்டும். எங்கள் பங்குனி வெயிலில் ஒயில் தொடங்கும்போதே 30 பாகையைத் தாண்டியிருக்கும் என்பதால், இதை அதிகாலையில் செய்தால் போதிய நேரம் கிடைக்கும்.

முதல் ஓட்டத்துக்கு முன், டீசல் தாங்கிக்குள் இருக்கும் பம்பை டயக்னோஸ்டிக் கருவியால் இயக்கி டீசலை முன்னே வரச்செய்ய வேண்டும். உயரழுத்தப் பம்ப் உலர்ந்த நிலையில் சுழலக் கூடாது. இன்ஜெக்டர் மின்செருகிகளைக் கழற்றிவைத்து, ஒயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரைச் சிறுசிறு இடைவெளியில் சுழற்றுங்கள். பிறகு செருகிகளை மாட்டிப் பதிவான பிழைக்குறிகளை அழித்து எஞ்சினை இயக்கலாம். இறுக்கி ஒயிலால் நிரம்பும்வரை ஓரிரு விநாடி சத்தம் கேட்பது இயல்பு; அதற்கு மேல் நீடித்தால் உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

வடித்த எஞ்சின் ஒயில் மட்டும் 5 லீற்றருக்கு மேல் இருக்கும். கியர் பொக்ஸ் ஒயிலும் கழுவிய கரைப்பானும் அதோடு சேரும். அவற்றில் ஒரு துளியையும் வளவில் ஊற்றாதீர்கள், வேலியோரக் களைக்கும் அடிக்காதீர்கள். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கியிருக்கிறது. மேலே ஊற்றியது அயல் கிணறுகளுக்கும் போய்ச் சேரும். சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மூடியுள்ள கலன்களில் சேர்த்து, பழைய ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

கார் தரையில் இறங்கியபின் முதல் வேலையாகச் சக்கர நேர்ப்படுத்தல் செய்யுங்கள். சப்பிரேம் அசைந்திருப்பதால் அது கட்டாயம். முதல் 1000 கிலோமீற்றர் முடிந்ததும் எஞ்சின் ஒயிலையும் வடிகட்டியையும் மாற்றி, வடிகட்டித் தாளை விரித்து உலோகத் துகள் உண்டா என்று பாருங்கள். அதன் பிறகு காரின் கணினி 20,000 கிலோமீற்றருக்கு மேல் காட்டினாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். எங்கள் வெப்பத்திலும் குறுந்தூர ஓட்டத்திலும் 8000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் செயினுக்கும் இறுக்கிக்கும் உயிர்நாடி அந்த ஒயில்தான்.